பெர்கமாட் தேநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எர்ல் கிரே என்கிற மணமூட்டிய கறுப்பு டீயை வாங்கினால் டப்பாவில் ‘பெர்கமாட் ஃப்ளேவர்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது என்ன பொருள், எங்கிருந்து வருகிறது, டீயில் எப்படி வந்து சேர்ந்தது, வீட்டில் எப்படிப் போட்டால் நன்றாக வரும் என்று பலரும் கேட்பதையெல்லாம் இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பெர்கமாட் என்பது பூவா, இலையா, பழமா?

பழம். எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் சேர்ந்த சிட்ரஸ் குடும்பத்துப் பழம். சாத்துக்குடி அளவில் இருக்கும். நவம்பர் வாக்கில் பறித்தால் நல்ல பச்சை. பிப்ரவரி, மார்ச் வரை மரத்தில் விட்டால் எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிடும். சாறு புளிப்போடு கசக்கும், உரித்துச் சுளை சுளையாகத் தின்கிற பழம் அல்ல. அதன் மதிப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. தோலை நகத்தால் கீறினால் பொடிப்பொடியாகத் தெறிக்கிற எண்ணெய்தான் டீக்குப் போகிறது.

நம்ம ஊர் நார்த்தங்காய்தானே அது?

இல்லை, ஆனால் சொந்தம். சிட்ரஸ் மரங்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் சொல்வது இது: சிட்ரான் எனப்படும் நார்த்தை இனத்துக்கும் புளிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்தது எலுமிச்சை. அந்த எலுமிச்சை மறுபடியும் புளிப்பு ஆரஞ்சோடு கலந்து பிறந்தது பெர்கமாட். ஆக, நார்த்தைக்குப் பெர்கமாட் பேரப்பிள்ளை முறை. மணம் ஒன்று கிடையாது. நார்த்தங்காய்த் தோலைப் போட்டு டீ போட்டால் எர்ல் கிரே வராது.

எங்கே விளைகிறது?

இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே ரெஜ்ஜோ கலாப்ரியா நகரைச் சுற்றி, கடலோரமாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிற ஒரு குறுகிய நிலப்பட்டைதான் பெர்கமாட்டின் வீடு. உலகத்தில் விளைவதில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. பின்னால் அஸ்ப்ரோமோன்டே மலை குளிர்காற்றைத் தடுக்கிறது. முன்னால் கடல் இருப்பதால் பனிக்காலம் கடுமையாவதில்லை. ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் மண். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடத்தில் மரம் செழிக்கிறது.

தோப்பாக வைத்து வளர்க்கத் தொடங்கியது 1750இல், நிக்கோலா பாரிசி என்பவர் ரெஜ்ஜோவில் போட்ட தோட்டத்திலிருந்து என்று அந்த ஊர் வரலாறு சொல்கிறது. இன்றைக்கு ஃபெம்மினெல்லோ, காஸ்தன்யாரோ, ஃபந்தாஸ்திகோ என்று மூன்று ரகங்கள் நிற்கின்றன. ஐவரி கோஸ்ட், துருக்கி, பிரேசில் போன்ற நாடுகளிலும் பயிரிடுகிறார்கள். ஆனாலும் ரெஜ்ஜோ கலாப்ரியா எண்ணெய்க்குத் தனி மரியாதை உண்டு. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் கொடுத்தது, அதாவது அந்தப் பகுதி எண்ணெயை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம்.

தோலிலிருந்து எண்ணெயை எப்படி எடுக்கிறார்கள்?

காய்ச்சி வடிப்பதில்லை, பிழிந்து எடுப்பார்கள். பழைய முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மணத்துக்குப் பின்னால் எவ்வளவு கையுழைப்பு இருந்தது என்பது அதில் தெரியும்.

பழத்தை இரண்டாக அறுப்பார்கள். கரண்டி போன்ற ஒரு கத்தியால் சுளையை மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் தோலை ஆறப் போடுவார்கள். பிறகு ஒரு மண்சட்டியின் வாயில் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, அதன்மேல் கடற்பஞ்சுகளை அடுக்கி, தோலை அந்தப் பஞ்சில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருகுவார்கள். தோலிலுள்ள எண்ணெய்ப் பைகள் உடைந்து பஞ்சு அதைக் குடித்துக்கொள்ளும். பஞ்சு நனைந்ததும் சட்டியில் பிழிவார்கள். அடியில் தண்ணீர் தங்க, மேலே எண்ணெய் மிதக்கும். ஒவ்வொரு பழத்துக்கும் இதே வேலை.

1844இல் நிக்கோலா பரில்லா என்பவர் ஓர் இயந்திரம் செய்தார். முழுப் பழத்தையும் உள்ளே போட்டுச் சுற்றினால் தோலின் மேற்பரப்பு உராய்ந்து எண்ணெய் வெளியே வரும். இன்றைய ஆலைகளிலும் அடிப்படை அதேதான்: சொரசொரப்பான உருளைகள் தோலை உரசும், தண்ணீர் பீய்ச்சி எண்ணெயைக் கழுவி எடுக்கும், அப்புறம் வேகமாகச் சுழற்றி எண்ணெயையும் நீரையும் பிரிப்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் தேவைப்படுகிறது. விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குப் போதும்.

டீக்கு வருவதற்கு முன்னால் இந்த எண்ணெயை எதற்குப் பயன்படுத்தினார்கள்?

வாசனைத் திரவியத்துக்கு. இத்தாலியில் பிறந்த ஜொவான்னி மரியா ஃபரினா ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி, 1709 வாக்கில் உருவாக்கியதுதான் ‘ஓ டி கொலோன்’. அதன் முதல் மணம் பெர்கமாட். இன்றும் கடையில் விற்கிற ஏராளமான சென்ட்டுகளை அடித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது இந்த மணம்தான். எர்ல் கிரே டீயை முதன்முறை குடிக்கிறவர்கள் சிலர் ‘சென்ட் ஊற்றிய மாதிரி இருக்கிறது’ என்று சொல்வதில் தப்பே இல்லை. அவர்களுடைய மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

எர்ல் கிரே யார்? சீனாவில் ஒருவர் அவருக்கு இந்த டீயைப் பரிசளித்தார் என்கிறார்களே?

சார்லஸ் கிரே, இரண்டாம் எர்ல் கிரே. ‘எர்ல்’ என்பது பிரிட்டனில் ஒரு பிரபுப் பட்டம். 1764இல் பிறந்து 1845இல் இறந்தவர். 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமர். வாக்குரிமையை விரிவாக்கிய 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமும், பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டமும் இவருடைய ஆட்சியில்தான் வந்தன. தேயிலையோடு அவருக்கு ஓர் உண்மையான தொடர்பும் உண்டு: சீனத் தேயிலை வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோகத்தை 1833இல் முடித்துவைத்ததும் அதே அரசுதான். டீ குடிக்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ள இதுவே நல்ல காரணம் என்பது என் எண்ணம்.

பரிசுக் கதைக்கு வருவோம். கிரேயின் ஆட்கள் தண்ணீரில் மூழ்கிய சீன அதிகாரி ஒருவரின் மகனைக் காப்பாற்றினார்கள், நன்றிக்கடனாக அவர் இந்தக் கலவையைச் சொல்லிக்கொடுத்தார் என்பது ஒரு வடிவம். நார்தம்பர்லாந்தில் கிரே குடும்பத்தின் ஹோவிக் மாளிகைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அந்தச் சுவையை மறைக்க ஒரு சீனர் பெர்கமாட் சேர்த்துக் கொடுத்தார் என்பது இன்னொன்று.

முதல் கதை நிற்காது. கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. அதோடு, பெர்கமாட் மத்தியதரைக் கடலோரத்துப் பழம். சீனர்கள் தேயிலைக்கு மல்லிகை போன்ற பூக்களால் மணமேற்றுவார்கள். கலாப்ரியாவின் எண்ணெயைச் சேர்ப்பது அவர்கள் வழக்கம் அல்ல. கிணற்றுக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்துச் சான்று எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் டீயில் பெர்கமாட் எப்படி வந்தது?

கிடைக்கிற எழுத்துச் சான்றுகளை வரிசையாக வைத்தால் வேறொரு கதை தெரிகிறது. எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது சாதாரண மக்களின் சமையலறையிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் தொடங்குகிறது.

1824இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வீட்டுக்குறிப்பு ஒன்று வருகிறது: விலை குறைந்த தேயிலையை விலை உயர்ந்ததைப் போல் மாற்ற பெர்கமாட் சேர்க்கலாம் என்று. அந்தக் காலத்தில் தேயிலை என்றால் சீனத் தேயிலை, வரியும் சேர்ந்து விலை எக்கச்சக்கம். பூமணம் ஏற்றிய நல்ல ரகங்களை வாங்க எல்லோராலும் முடியாது. வாசனைக் கடையில் கிடைக்கிற ஒரு துளி எண்ணெய் அந்த ஏக்கத்தைத் தீர்த்திருக்கும்.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 1837இல் பிராக்சாப் அண்ட் கோ என்ற நிறுவனத்தின் மேல் வழக்கு. பிரிட்டனிலேயே பெர்கமாட் போட்டுச் செயற்கையாக மணமூட்டிய தேயிலையைக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதாவது அப்போது அது கலப்படம். பிரதமர் பெயரைச் சூட்டிப் பெருமைப்படுகிற சரக்காக இன்னும் ஆகவில்லை.

1850களில் ‘கிரேஸ் டீ’, ‘கிரேஸ் மிக்ஸ்சர்’ என்ற பெயர்கள் தென்படுகின்றன. இந்தக் கிரே வில்லியம் கிரே என்ற டீ வியாபாரி என்றும், பிரபுவோடு அவருக்கு உறவில்லை என்றும் தெரிகிறது. 1880களில் லண்டன் ஜெர்மின் தெருவிலிருந்த சார்ல்டன் அண்ட் கோ விளம்பரங்களில்தான் ‘எர்ல்’ என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்குள் பிரதமர் கிரே இறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகிவிட்டன. பிரபுவின் பெயரைச் சேர்த்தால் சரக்கு நன்றாகப் போகும் என்று ஒரு வியாபாரி கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குப் பலித்துவிட்டது.

பிற்பாடு ஜாக்சன்ஸ் ஆஃப் பிக்கடிலி நிறுவனம், மூலக் கலவை 1830இலிருந்தே தங்கள் வழியில் வருகிறது என்று உரிமை கொண்டாடியது. ட்வைனிங்ஸ் நிறுவனம் தங்களுடையதே அசல் என்றது. பிறகு ட்வைனிங்ஸ் கைக்கே ஜாக்சன்ஸ் போய்ச் சேர்ந்தது. ‘எர்ல் கிரே’ என்பது யாருக்கும் தனியுரிமை இல்லாத பெயர், அதனால்தான் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் டீ விற்க முடிகிறது.

எத்தனையோ பழத்தோல் இருக்க, பெர்கமாட் மட்டும் டீயோடு இவ்வளவு பொருந்துவது ஏன்?

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் என்ற பொருள்தான் மிகப் பெரும்பங்கு. பெர்கமாட்டிலும் அது உண்டு. ஆனால் கூடவே லினலைல் அசிடேட்டும் லினலூலும் நிறைய இருக்கின்றன. இந்த இரண்டும் பூமணம் தருபவை. லவண்டர் எண்ணெயிலும் இந்த இரண்டுதான் முக்கியம்.

விஷயம் என்னவென்றால், லினலூல் தேயிலையிலேயே இருக்கிறது. இலையை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைக்கும்போது அது வெளிப்படுகிறது. நல்ல டார்ஜிலிங், நல்ல ஊவாத் தேயிலையைச் சுடுதண்ணீரில் போட்டதும் எழும் பூவாசத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எனவே பெர்கமாட் டீக்குள் அன்னியப் பொருளாக நுழைவதில்லை. இலையில் மெல்லியதாக இருக்கிற சுருதியைத் தூக்கிக் கொடுக்கிறது. வெறும் எலுமிச்சைத் தோல் போட்டால் டீயும் எலுமிச்சையும் தனித்தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நமக்குப் பழக்கமான ஒரு மணத்திலும் லினலூல் இருக்கிறது: கொத்தமல்லி விதை. மல்லி எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்தான். ஆனால் மல்லியில் இருப்பதும் பெர்கமாட்டில் இருப்பதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்கள், இடது கையும் வலது கையும் போல. மூக்கு இரண்டையும் வேறுபடுத்திவிடும். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் வறுக்காத மல்லியை இடித்துச் சுடுதண்ணீர் ஊற்றி, மற்றதில் எர்ல் கிரே போட்டு, மாறி மாறி முகர்ந்து பாருங்கள். எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது புரியும்.

இயற்கை எண்ணெயா, செயற்கையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உறுதியாகச் சொல்ல முடியாது. லேபிளைத்தான் நம்ப வேண்டும். இந்தியாவில் விற்கும் டப்பாவில் ‘நேச்சுரல்’, ‘நேச்சர் ஐடென்டிகல்’, ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்று மூன்றில் எது என்று போட்டிருப்பார்கள். முதலாவதுதான் இயற்கைப் பொருளிலிருந்து எடுத்தது. ‘நேச்சர் ஐடென்டிகல்’ என்றால் ஆலையில் செய்தது, ஆனால் மூலக்கூறு இயற்கையில் இருப்பதே.

சோதனைக்கூடத்தில் பிடிக்க மேலே சொன்ன கண்ணாடிப் பிம்பமே உதவுகிறது. மரம் லினலூலை ஏறக்குறைய ஒரே கைவடிவத்தில் செய்யும். ஆலையில் சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வரும். அந்த விகிதத்தைப் பார்த்தே கலப்படத்தைச் சொல்லிவிடுவார்கள்.

நாக்கில் ஓர் அடையாளம் சொல்வதானால், நல்ல எண்ணெய் போட்ட டீ கடைசி மடக்கு வரை மெல்ல மாறிக்கொண்டே வரும். மலிவான ஃப்ளேவர் முதல் மடக்கில் ஓங்கி அடித்துவிட்டு, பின்னால் சோப்பு நெடியை விட்டுப் போகும்.

தேயிலையில் எப்படிச் சேர்க்கிறார்கள்?

உதிரித் தேயிலை என்றால் பெரிய உருளையில் போட்டுச் சுற்றிக்கொண்டே எண்ணெயைத் தெளிப்பார்கள். டீ பேக் என்றால் பெரும்பாலும் மணத்தை அடைத்துவைத்த சின்னச் சின்னக் குருணைகளைத் தூளோடு கலப்பார்கள். நீல நிறத்தில் தெரிகிற இதழ்கள் கார்ன்ஃபிளவர் பூ. அழகுக்குத்தான், மணத்துக்கு அல்ல.

எந்தத் தேயிலை இதற்குச் சிறந்தது?

முதலில் சீனக் கறுப்புத் தேயிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் தேயிலை வந்ததும் அதுவும் அடித்தளமாகிவிட்டது. என் தேர்வு இலங்கையின் மலைநாட்டு இலை, குறிப்பாக டிம்புல, நுவரெலியா. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையும், அதாவது இலையாகவே உருட்டிப் பதப்படுத்தியதும், மிக நன்றாகப் பொருந்தும். அதற்கே ஒரு பூவாசமும் தெளிந்த நிறமும் உண்டு. இலையை நசுக்கிக் குருணையாக்கிய, கெட்டியான சிடிசி தூளில் பெர்கமாட்டைப் போடுவது வீண், துவர்ப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்.

எர்ல் கிரே என்றதும் லண்டனும் பிரபுவும் நினைவுக்கு வருகிறார்கள். டிம்புலவிலும் நுவரெலியாவிலும் அந்த இலையைக் கொழுந்தாகக் கிள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழ்ப் பெண்கள். டப்பாவில் அவர்கள் பெயர் இல்லை. இந்தப் பக்கத்திலாவது இருக்கட்டும்.

எப்படிப் போடுவது? பால் ஊற்றலாமா?

ஒரு கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் இலை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு, இலைமேல் ஊற்றி மூடிவைக்கவும். மூன்று நிமிடம், அதிகம் போனால் நான்கு. வடிகட்டிவிடவும். மூடி முக்கியம், மணம் ஆவியோடுதான் போகும்.

நாம் வழக்கமாகச் செய்வது போல இலை, பால், சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சமையலறை மணக்கும், கோப்பையில் ஒன்றும் மிஞ்சாது. பால் வேண்டும் என்றால் கொஞ்சம் கெட்டியாக டிக்காஷன் இறக்கி, தனியாகச் சூடாக்கிய பாலை அளவாக ஊற்றுங்கள். பாலின் கொழுப்பு மணத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் பால் குறைவாக இருப்பது நல்லது. எலுமிச்சைத் துண்டு போடுவதானால் பாலை மறந்துவிடுங்கள், திரிந்துவிடும். இஞ்சி, ஏலக்காய், பட்டை எதுவும் வேண்டாம்.

வெயில் காலத்தில் இலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டினால் துவர்ப்பே இல்லாமல் அருமையாக இருக்கும்.

லேடி கிரே, லண்டன் ஃபாக் என்றெல்லாம் சொல்கிறார்களே?

லேடி கிரே ட்வைனிங்ஸ் 1990களில் கொண்டுவந்தது. பெர்கமாட்டோடு ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலும் சேரும், மென்மையாக இருக்கும். லண்டன் ஃபாக் பெயரில் லண்டன் இருந்தாலும் கனடாவின் வான்கூவரில் பிறந்தது: கெட்டியான எர்ல் கிரே, நுரைத்த பால், வெனிலா சிரப். துருக்கியிலும் ஈரானிலும் பெர்கமாட் டீயைத் தனியாகவும், சாதாரணத் தேயிலையோடு ஒரு பங்கு கலந்தும் குடிப்பார்கள். கலந்து குடிக்கிற அந்த வழக்கத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன். எர்ல் கிரே நெடியாக இருக்கிறது என்பவர்கள் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சாதாரண இலை கலந்து பாருங்கள்.

சமையலில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. சூடான பாலிலோ கிரீமிலோ இலையைப் போட்டு, மூடி, பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, கேக், கஸ்டர்ட், ஐஸ்கிரீம், சாக்லேட் எதற்கும் எடுக்கலாம். பிஸ்கட்டுக்கு இலையை நைசாகப் பொடித்து மாவிலேயே சேர்க்கலாம். பழமே கிடைக்கிற ஊர்களில் கதை வேறு: துருக்கியில் ஜாம், கிரேக்கத்தில் தோலைச் சர்க்கரைப் பாகில் போட்ட இனிப்பு, பிரான்சின் நான்சி நகரில் தேன் நிறத்தில் சதுரமான பெர்கமாட் மிட்டாய்.

தோட்டச் செடிகள் விற்குமிடத்தில் ‘பெர்கமாட்’ என்று ஒரு சிவப்புப் பூச்செடி இருக்கிறது. அதுவா இது?

இல்லை. அது மொனார்டா, புதினா குடும்பத்து வட அமெரிக்கச் செடி. இலையின் மணம் சற்று ஒத்திருப்பதால் அந்தப் பெயர். அதன் இலையிலும் டீ போடுவார்கள், ‘ஆஸ்வீகோ டீ’ என்று. எர்ல் கிரேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

காஃபீன் சாதாரண டீயில் எவ்வளவோ அவ்வளவுதான். பெர்கமாட் கொழுப்பைக் குறைக்கும் என்று விளம்பரங்கள் வருகின்றன. அந்த ஆய்வுகள் பெர்கமாட் சாற்றையும் அதன் சத்துப் பொருளையும் பற்றியவை. தோல் எண்ணெயின் மணம் மட்டும் ஏறிய டீக்கு அது பொருந்தாது. மருந்தாக நினைத்துக் குடிக்க வேண்டாம்.

எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. 2002இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது: தினமும் நான்கு லிட்டர் வரை எர்ல் கிரே குடித்த 44 வயதுக்காரருக்குத் தசைப்பிடிப்பும் பார்வைத் தொந்தரவும் வந்து, அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டன. மருத்துவர் பெர்காப்டெனைக் காரணமாகக் காட்டினார். இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர்கள் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. சில மருந்துகளோடு கிரேப்ஃப்ரூட் என்ற சிட்ரஸ் பழத்தைச் சாப்பிடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பெர்கமாட்டிலும் அதே வகைப் பொருள்கள் இருப்பதால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அரோமாதெரபி எண்ணெய் வாங்கி நானே டீயில் ஒரு சொட்டு விட்டால்?

செய்யாதீர்கள். அவை சாப்பிடுவதற்கான தரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரு சொட்டே ஒரு கோப்பைக்கு மிக அதிகம். தோலில் தடவிக்கொண்டு வெயிலில் போவதும் ஆபத்து. பெர்காப்டென் வெயில் பட்டதும் தோலைக் கருக்கி, கொப்புளம்கூட வரவைக்கும். உணவுத் தர எண்ணெய் கிடைத்தால், கால் கிலோ இலைக்குச் சில சொட்டு வீதம் கலந்து, கண்ணாடிச் சாடியில் மூடி இரண்டு நாள் வைத்து, பிறகு குடித்துப் பாருங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

தேயிலை கெடாது, மணம்தான் போகும். வெளிச்சம் படாத, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். நாளாகி லிமோனீன் காற்றோடு சேர்ந்துவிட்டால் டர்பன்டைன் போல ஒரு நெடி வரும். அப்படி வந்தால் குடிக்காமல் செடிக்கு உரமாகப் போட்டுவிடலாம். மற்ற டீத்தூள் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், இரண்டே நாளில் வீட்டிலுள்ள எல்லா டீயும் எர்ல் கிரே ஆகிவிடும்.